எட்டணா விலையும் நமது வெட்கமும்

"ஏந் தம்பி, நாமளும் யாவாரம் பண்ணக் கெளம்பிட்டமா?"

போன மாதம் ஒரு கூட்டத்தில் மூத்த தோழர் ஒருவர் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டார். இருபத்தைந்து வருடமாக இயக்கத்தில் இருப்பவர், சிறைக்குப் போனவர், அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. எங்கள் புத்தகத்தை விற்பதற்காக நாங்கள் வைத்திருக்கிற இணையதளத்தின் முகவரியைத் துண்டுச்சீட்டில் அடித்துக் கூட்டத்தில் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துத்தான் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன், கையிலிருந்த மீதிச் சீட்டுகளைப் பைக்குள் திணித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. எதற்காகச் சிரித்தேன்? எதற்காக ஒளித்தேன்? இந்தக் கட்டுரை அந்த வெட்கத்துக்கு எதிராக எழுதப்படுவது. முதலில் என்னுடைய வெட்கத்துக்கு, பிறகு நம் எல்லாருடைய வெட்கத்துக்கும்.

விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். செஞ்சிப் பக்கம் ஒரு காலனியில் கூலி வேலை செய்தே கிழடாகிப் போன பெண்கள் பதினொரு பேரின் வாய்மொழியை நண்பர்கள் நான்கு பேர் இரண்டு வருடம் அலைந்து பதிவு செய்தோம். நடவு, களையெடுப்பு, மரக்கால் கூலி, பண்ணை வீட்டுப் பின்வாசல், பிரசவம், சாவு என்று அவர்கள் பேசிய பேச்சை அவர்கள் பேசியபடியே எழுதினோம். இரண்டு பதிப்பகங்கள் கையெழுத்துப் பிரதியை மாதக் கணக்கில் வைத்திருந்துவிட்டு, "மொழியைக் கொஞ்சம் சீர் பண்ணணும்" என்றார்கள். அந்த மொழிதானய்யா புத்தகம். அதைச் சீர் பண்ணிவிட்டால் அப்புறம் எதை அச்சடிப்பது? சீட்டுப் பணத்தை எடுத்து, ஒரு தோழியின் வளையலை அடகு வைத்து 500 பிரதி நாங்களே போட்டோம். 144 பக்கம், விலை 160 ரூபாய். வெளியீட்டு விழாவில் 90 பிரதி போனது. 'சும்மா ஒண்ணு குடுப்பா' என்று வாங்கிப் போனவர்களுக்கு 60. மீதி 350 பிரதியும் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில். கரையான் ஏறிவிடும் என்று அம்மா வேப்பிலை போட்டு வைத்தார்.

ஒரு வருடம் கழித்து அந்தக் காலனிக்குப் போனேன். புத்தகத்தில் பேசியிருக்கிற ஆயா ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிப் பெட்டியில் வைத்திருக்கிறார். அவர் கேட்டார்: "எம் பேச்ச எத்தினி பேரு படிச்சாங்க, சாமி?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் என்ன இருந்தது? உன் பேச்சு என் கட்டிலுக்கு அடியில் தூங்குகிறது ஆயா என்றா சொல்வது?

ஒருவரிடம் வாயைத் திறக்கச் சொல்லி, அழ வைத்து, பேச வைத்து, பதிவு செய்து, அச்சடித்து, பிறகு அதை யாரிடமும் கொண்டுசேர்க்காமல் மூட்டை கட்டி வைத்தால் அதற்குப் பேர் என்ன? இலக்கியம் என்பதா? கலகம் என்பதா? நம்பிக்கைத் துரோகம் என்றுதான் நான் சொல்வேன். அந்தத் துரோகத்தைச் செய்துவிட்டு 'நாங்க யாவாரிங்க இல்லீங்க' என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறோம்.

*

விற்பது கேவலம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

ஆதிக்க சாதி எழுத்தாளன் தன் புத்தகத்தைத் தானே தூக்கிக்கொண்டு அலைவதில்லை, உண்மைதான். அலைய வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. பத்திரிகையில் இருக்கிற நண்பன் மதிப்புரை எழுதுகிறான். கல்லூரியில் இருக்கிற உறவினன் பாடத்தில் வைக்கிறான். பரிசுக் குழுவில் இருக்கிறவன் பரிசு கொடுக்கிறான். நூலக ஆணைக்கு எங்கே, யாரைப் பார்க்க வேண்டும் என்று அவன் வீட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இது அத்தனையும் விளம்பரம்தான். ஆனால் அதற்கு விளம்பரம் என்று பேர் கிடையாது. விமர்சனம் என்று பேர், அங்கீகாரம் என்று பேர், தரம் என்று பேர். நாம் ஒரு துண்டுச்சீட்டு அடித்தால் மட்டும் அது யாவாரம், சுயவிளம்பரம்.

வரலாற்றைப் பாருங்கள். 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் 'மூக்நாயக்' பத்திரிகையைத் தொடங்கினார். அது வெளிவரும் செய்தியைக் காசு கொடுத்து விளம்பரமாகப் போடக் கேட்டபோதும் திலகர் நிறுவிய 'கேசரி' மறுத்துவிட்டது. விளம்பரம் செய்யாத பரிசுத்தம் நம்முடைய மரபு இல்லை, தோழர்களே. காசு கொடுத்தும் விளம்பரம் மறுக்கப்பட்டது நம்முடைய மரபு. இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். மறுக்கப்பட்ட ஒன்றை நாமாகவே வேண்டாமென்று துறந்ததாகப் பெருமை பேசுகிறோம்.

1936-ல் நடந்தது இன்னும் தெளிவான பாடம். லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்ற சீர்திருத்த அமைப்பு தன் மாநாட்டுக்குத் தலைமையுரை ஆற்ற அம்பேத்கரை அழைத்தது. உரையைப் பார்த்ததும் பயந்துபோய்ச் சில பகுதிகளை எடுக்கச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்று அவர் மறுத்தார். மாநாடு ரத்தானது. அவர் என்ன செய்தார்? உரையைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. 1936 மே மாதம் தன் சொந்தச் செலவில் 1,500 பிரதி அச்சிட்டு விற்றார். விலை எட்டணா. அதுதான் 'சாதி ஒழிப்பு'. அந்த 1,500 பிரதியும் இரண்டு மாதத்தில் தீர்ந்துபோனது. அடுத்த வருடம் இரண்டாம் பதிப்பு வருவதற்குள் தமிழிலும் குஜராத்தியிலும் மொழிபெயர்ப்பு வந்துவிட்டது. இந்தியாவில் சாதியைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் தலையாயது, பதிப்பகம் இல்லாமல் எழுதியவரே போட்டு விற்ற புத்தகம் என்பதை நாம் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்?

இதில் இன்னொரு சங்கதி. காந்தி தன் 'ஹரிஜன்' ஏட்டில் அந்த நூலைப் பற்றி எழுதும்போது விலையையும் விடவில்லை. எட்டணா அதிகம், இரண்டணாவாக, குறைந்தது நாலணாவாகக் குறைக்கலாம் என்று யோசனை சொன்னார். இன்றைக்கு நம்மிடம் 'இவ்ளோ வெலையா?' என்று கேட்கிறவர்களுக்கு ஒரு முன்னோடி இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த நூலை வெளியிட்டது விளம்பரத்துக்காக என்ற தொனிக்கும் அம்பேத்கர் பதில் சொன்னார். எனக்கு விளம்பர ஆசை கிடையாது, அப்படியே இருந்தாலும் என்மேல் கல்லெறிய யாருக்கு யோக்கியதை இருக்கிறது என்ற பொருள்பட எழுதினார். குன்றிப்போய்ப் பதில் சொல்லவில்லை, திருப்பி அடித்தார். நான் அந்தக் கூட்டத்தில் சிரித்து வைத்ததை இதோடு வைத்துப் பார்க்கிறேன். கூசுகிறது.

கடைசிக் காலத்தில்கூட அவர் இதை விடவில்லை. 1956 செப்டம்பர் 14 அன்று, மதம் மாறுவதற்குச் சரியாக ஒரு மாதத்துக்கு முன்னால், பிரதமர் நேருவுக்குக் கடிதம் எழுதினார். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலை அச்சிட 20,000 ரூபாய் போல ஆகிறது, என் சக்திக்கு மீறியது, அரசு 500 பிரதி வாங்கி நூலகங்களுக்கும் அறிஞர்களுக்கும் தரக்கூடாதா என்று கேட்டார். ஒதுக்கிய பணம் முடிந்துவிட்டது என்று நேருவிடமிருந்து பதில் வந்தது. அரசியல் சட்டத்தின் வரைவுக் குழுத் தலைவர், முன்னாள் சட்ட அமைச்சர், உடம்பு தளர்ந்த நிலையில் தன் புத்தகத்துக்கு 500 பிரதி ஆர்டர் கேட்டார், கிடைக்கவில்லை. டிசம்பர் 6-ல் இறந்தார். புத்தகம் 1957-ல்தான் வெளிவந்தது. அவர் கேட்க வெட்கப்படவில்லை. நமக்கு என்ன வந்தது?

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். பேர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையைப் பேரிலேயே வைத்தார். இது எவ்வளவு பெரிய விசயம் என்று யோசித்துப் பாருங்கள். வாங்க வருகிற கூலிக்காரன் 'எவ்ளோ இருக்குமோ' என்று தயங்கி நிற்க வேண்டியதில்லை. பேரைச் சொன்னாலே விலையும் தெரிந்துவிடும்.

நாங்கள் இணையதளம் வைத்தபோது விலையைப் போடவே மறந்துவிட்டோம்.

*

ஆமாம், எங்கள் சைட்டின் லட்சணத்தையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்தவனைத் திட்டுவது சுலபம்.

தெரிந்த பையன் ஒருவன் இலவசமாகச் செய்து கொடுத்தான். ஒரு ஏப்ரல் 14 அன்று மாலை போட்டு, கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துத் தொடங்கிவைத்தோம். திறந்தால் முதலில் நீலக் கொடி அசையும், பிறகு தலைவர் படம் வரும், பிறகு நாங்கள் நாலு பேர் நிற்கிற படம். புத்தகத்தைக் காண மூன்று இடத்தில் தட்ட வேண்டும். எங்கள் காலனிப் பையன்களின் பழைய போனில் அந்தப் பக்கம் திறக்கவே ஒரு யுகம் ஆகும். திறப்பதற்குள் அவன் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவான். புத்தகத்தைப் பற்றிய குறிப்பு முழுக்கப் படமாக இருந்தது. டிடிபி செய்தவர் பழைய எழுத்துருவில் அடித்த பக்கத்தை அப்படியே படமாக்கி ஒட்டியிருந்தோம். யுனிகோடில் தட்டச்சு செய்திருந்தால்தான் தேடுகிறவன் கண்ணில் படும். படமாகக் கிடந்தது தேடுபொறிக்கு எழுத்தாகவே தெரியவில்லை. புத்தகத்தின் பேரை முழுசாக அடித்துத் தேடினாலும் எங்கள் தளம் வராது.

வாங்க வேண்டுமானால் ஆங்கிலத்தில் ஒரு படிவம். அதில் ஈமெயில் கட்டாயம். நாற்று நட்டவள் பேச்சைத் தமிழில் போட்டுவிட்டு அதை வாங்குகிறவனுக்கு ஆங்கிலப் பரீட்சை வைத்தோம். எட்டாவது மாதம் தளப்பெயருக்குக் காசு கட்டவேண்டிய தேதி தாண்டி, சைட்டே காணாமல் போனது. பதிவு செய்த நண்பன் வேலை கிடைத்துப் பெங்களூர் போய்விட்டான். அறிவிப்பு அவனுடைய பழைய ஈமெயிலுக்கு வந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் யாரும் கவனிக்கவில்லை. இது யாருடைய சதி? பார்ப்பனியத்தின் சதியா, பதிப்பக முதலாளியின் சதியா? எங்கள் அலட்சியம். எல்லாவற்றுக்கும் எதிரியைக் கைகாட்டப் பழகிவிட்டால் நம் வேலையை நாம் ஒழுங்காகச் செய்யாததற்கும் ஒரு தத்துவம் கிடைத்துவிடுகிறது.

பிறகு உட்கார்ந்து பேசினோம். கொடியை எடுத்தோம், எங்கள் படத்தையும் எடுத்தோம். ஒரே பக்கம். மேலே புத்தகத்தின் அட்டை, பேர், அதற்குக் கீழே பெரிய எழுத்தில் விலை, பக்கம், ஆண்டு, தபால் செலவு, போன் நம்பர். எல்லாம் யுனிகோடு எழுத்தில். பணம் கட்ட யுபிஐ நம்பரும் க்யூஆர் கோடும். தட்டிப் பணம் போட்டு, முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். டீக்கடையில் பத்து ரூபாய்க்கு ஜிபே பண்ணுகிற காலத்தில் புத்தகத்துக்கு மட்டும் எதற்குப் படிவம்? முகவரியைக்கூடக் குரல் பதிவாக அனுப்புகிறார்கள். எழுதிக்கொள்கிறோம்.

புத்தகத்திலிருந்து பன்னிரண்டு பக்கத்தை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வைத்தோம். அதோடு ஆயாவிடம் கேட்டுக்கொண்டு அவர் பேச்சின் ஒலிப்பதிவு மூன்று நிமிடத்தையும் வைத்தோம். படிக்கத் தெரியாதவரின் புத்தகத்துக்குப் படிக்கத் தெரியாதவரும் வரட்டும் என்றுதான். அந்த மூன்று நிமிடம்தான் எங்களுக்கு அதிக வாசகரைக் கூட்டி வந்தது. எந்த மதிப்புரையும் அந்த வேலையைச் செய்யவில்லை.

தேடுகிறவன் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவான் என்றும் யோசித்தோம். புத்தகத்தின் பேர் அவனுக்குத் தெரியாது. எங்கள் பேரும் தெரியாது. 'பண்ணையாள்', 'மரக்கால் கூலி', 'நடவுப் பாட்டு' என்றுதான் தேடுவான். அந்தச் சொற்கள் எங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். வெண்மணியைப் பற்றிப் புத்தகம் போட்டிருக்கிற தோழர்கள் இதைக் கவனியுங்கள். ஒருவன் 'வெண்மணி' என்று தேடுவான், ஒருவன் 'கீழ்வெண்மணி' என்பான், ஒருவன் 'கீழவெண்மணி' என்பான், ஒருவன் '1968 டிசம்பர் 25' என்று போடுவான். மேலவளவைத் தேடுகிறவன் '1997 ஜூன் 30' என்று போடுவான். அத்தனையும் உங்கள் பக்கத்தில் எழுத்தாக இருக்கிறதா? இல்லையென்றால் அந்தச் சொற்களுக்கு வேறு யாரோ எழுதிய கதைதான் முதலில் வந்து நிற்கும். கொன்றவன் தரப்புக் கதையாகவும் அது இருக்கலாம்.

தபால் விசயத்திலும் கற்றுக்கொண்டோம். முன்னெல்லாம் புத்தகங்களுக்கு இருந்த குறைந்த கட்டணப் பதிவுத் தபாலை 2024 டிசம்பரில் அஞ்சல் துறை நிறுத்தியது. சின்னப் பதிப்பாளர்கள் வயிற்றில் அடித்த காரியம் அது. கூரியருக்குக் கொடுத்தால் 160 ரூபாய் புத்தகத்துக்கு அறுபது எழுபது கேட்கிறான். 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்ற சேவை வந்தது. தொடங்கும்போது 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. எங்கள் புத்தகம் 300 கிராமுக்குள் அடங்கிவிடுகிறது. மெதுவாகத்தான் போகும், போகட்டும். இது தெரியாமல் இன்னும் கூரியருக்கு அழுதுகொண்டிருக்கிற தோழர்களை எனக்குத் தெரியும். அய்.எஸ்.பி.என். எண்ணுக்குக்கூடக் காசு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அது அரசின் ராஜாராம் மோகன்ராய் முகமையில் இலவசமாகக் கிடைப்பது. நம் அறியாமையில் எவனோ தரகு தின்கிறான்.

தளப்பெயர் இப்போது இரண்டு பேருடைய பொறுப்பில் இருக்கிறது. கடவுச்சொல், காசு கட்ட வேண்டிய தேதி எல்லாம் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். வாங்கியவர்கள் பேரும் நம்பரும், அவர்கள் சம்மதத்தோடு, அதே நோட்டில் இருக்கிறது. அடுத்த புத்தகம் வரும்போது முதல் தகவல் அவர்களுக்குத்தான்.

*

இவ்வளவு சொன்னதால் 'மார்க்கெட்டிங்' என்று எவன் எதைச் சொன்னாலும் தலையாட்டச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். சரக்கை விற்பதற்கும் நம்மை விற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

நண்பர் ஒருவர் விளம்பரத் தொழிலில் இருக்கிற ஒருவரைக் கூட்டி வந்தார். நல்ல மனுசன்தான், காசு வாங்காமல் யோசனை சொன்னார். முதல் யோசனை, அட்டையில் கிழவி அழுகிற படம் போடுங்க. இரண்டாவது, 'நெஞ்சை உருக்கும்' என்று ஒரு வரி எழுதுங்க. மூன்றாவது, 'சேரி', 'பறச்சேரி' என்ற சொல்லெல்லாம் எடுத்துவிட்டு 'கிராமம்' என்று போடுங்க, பொதுவான வாசகர்கள் தயங்குவாங்க.

யார் அய்யா அந்தப் பொதுவான வாசகர்? சேரியில் பிறந்தவன் பொதுவில் சேரமாட்டானா? 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பேர் வைத்தார். எந்தச் சொல்லால் அடித்தார்களோ அந்தச் சொல்லையே தலைப்பில் ஏற்றி வீதிக்குக் கொண்டுவந்தார். அதற்கு நூற்று முப்பது வருடம் கழித்து நாங்கள் 'கிராமம்' என்று போட்டு ஒளிந்துகொள்வதா? எங்கள் ஆயா புத்தகத்தில் அழுகிற இடம் இரண்டோ மூன்றோதான். மீதி முழுக்கக் கிண்டல், வசவு, பண்ணை வீட்டு ரகசியம், பாட்டு. அவர் சிரித்த இடங்களை எல்லாம் மறைத்துவிட்டு அழுகையை மட்டும் கடையில் தொங்கவிடுவது இன்னொரு வகைப் பண்ணையம். அனுதாபத்துக்கு வாங்குகிறவன் ஒரு பிரதி வாங்கித் தன் மனசாட்சிக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு போய்விடுவான். அவன் வாங்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அவனுக்காக அட்டையை மாற்ற மாட்டோம்.

வாசகர் கருத்து என்று நாங்களே பத்து எழுதிப் போடலாம் என்றும் யோசனை வந்தது. மறுத்தோம். சாட்சியத்தை விற்கிறவன் பொய்ச் சாட்சி வைக்கலாமா?

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. முதல் தளத்தில் பதினொரு பெண்களின் படமும் பேரும் ஊர்ப் பேரும் போட்டிருந்தோம். பெருமையாகத்தான் போட்டோம். ஒருநாள் அதில் ஒரு அம்மாவின் மகன் என்னைத் தேடி வந்தார். "அண்ணா, எங்கம்மா சொன்ன பண்ணை வீட்டுல இன்னும் நான் டிராக்டர் ஓட்டுறேன். அவுங்க பையன் போன்ல காட்டுறான்" என்றார். புத்தகத்தில் அச்சானபோது வராத ஆபத்து போனில் வந்துவிட்டது. புத்தகம் வாங்கினவன் கைக்கு மட்டும் போகும். இணையத்தில் போட்டது ஊர்த்தெரு உட்பட எல்லார் கைக்கும் போகும். அன்றே படங்களை எடுத்தோம். பிறகு ஒவ்வொருவர் வீடாகப் போய்ப் போனில் காட்டி, 'இது இப்படி எல்லாருக்கும் தெரியும், போடலாமா?' என்று கேட்டோம். நாலு பேர் போடு என்றார்கள், ஏழு பேர் வேண்டாம் என்றார்கள். ஊர்ப் பேரை எடுத்துவிட்டு வட்டாரத்தின் பேரை மட்டும் வைத்தோம். அதனால் தேடலில் கொஞ்சம் பின்னால் போயிருப்போம். பரவாயில்லை. விற்பனைக்காக அந்தப் பிள்ளையின் பிழைப்பைக் கெடுக்க எங்களுக்கு உரிமை கிடையாது.

*

தோழர்கள் எழுப்புகிற ஆட்சேபணைகள் இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

'காசுக்கு விற்காமல் சும்மா பிடிஎஃப் போட்டுவிடலாமே, சனங்களுக்குப் போய்ச் சேருமே' என்கிறார்கள். சொல்கிறவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். அச்சகத்துக்காரன் சும்மா அடித்துக் கொடுத்தானா? அடகுக் கடையில் வளையல் சும்மா வருமா? அடுத்த புத்தகம் எதில் வரும்? நம் உழைப்பு என்றால் சும்மா வாங்கலாம் என்ற புத்தி எங்கிருந்து வருகிறது? வெட்டிக்குப் பறையடிக்கச் சொன்ன அதே புத்திதான் இது, நமக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்திருக்கிறது. காசில்லாதவருக்கு வழி வைத்திருக்கிறோம். மாணவர்களுக்கும் கூலி வேலைக்காரர்களுக்கும் பாதி விலை, தளத்திலேயே எழுதிப் போட்டிருக்கிறோம். சான்றிதழ் கேட்பதில்லை. சொன்னால் நம்புகிறோம். இரவுப் பாடசாலைகளுக்கும் காலனிப் படிப்பகங்களுக்கும் சும்மாவே தருகிறோம். ஆனால் முப்பத்தைந்து, நாற்பது சதவீதம் கழிவு கேட்டு, விற்ற பணத்தை வருடக் கணக்கில் இழுக்கிற கடைக்காரனிடம் காட்டுகிற பணிவை நம் வாசகனிடம் விலை சொல்லக் காட்ட வேண்டியதில்லை.

'இணையத்தில் உட்கார்ந்துகொண்டு மக்களிடம் போவதை விட்டுவிடுவோம்' என்பது இன்னொன்று. இதில் நியாயம் இருக்கிறது. சைட்டு இருக்கிறது என்று கூட்டத்துக்குப் புத்தகக் கட்டைத் தூக்கிப் போகாமல் இருந்தால் அது சோம்பேறித்தனம். ஒவ்வொரு டிசம்பர் 6-லும் பம்பாய் சிவாஜி பார்க்கில், தம்மச் சக்கர நாளில் நாகபுரியில், தரையில் துணி விரித்து மலை மலையாகப் புத்தகம் விற்கிறார்கள். பல ஊர்களிலிருந்து வருகிற கூலிச் சனங்கள் மூட்டை கட்டி வாங்கிப் போகிறார்கள். நமக்கும் நாள்கள் இருக்கின்றன. ஏப்ரல் 14, செப்டம்பர் 11 பரமக்குடி, டிசம்பர் 6, டிசம்பர் 25 வெண்மணி. அந்த நாளில் துணி விரிக்க வேண்டும். துணியின் மேல் க்யூஆர் கோடு ஒட்டிய அட்டையும் இருக்க வேண்டும். அன்று கையில் காசில்லாமல் போனவன் சம்பளத் தேதியில் வாங்குவான். ஊரில் போய்ப் பக்கத்து வீட்டுக்குக் காட்டுவான். கூட்டமும் தளமும் ஒன்றையொன்று கைப்பிடிக்க வேண்டும். ஒன்றை வைத்து இன்னொன்றைத் திட்டுவது வேலை செய்யாமல் இருப்பதற்கான சாக்கு.

தளத்தைத் திருத்திய ஆறு மாதத்தில் 130 பிரதி போயிருக்கிறது. பெரிய எண்ணிக்கை இல்லை. கட்டிலுக்கு அடியில் இன்னும் 220 இருக்கிறது. ஆனால் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து, "எங்க அம்மாச்சி இதே மாதிரிதாங்க பேசும், நான் எழுதி வச்சா புத்தகமாப் போட முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். எப்படி அச்சடிப்பது, எப்படி விலை வைப்பது, எப்படி விற்பது என்று ஒரு மணி நேரம் பேசினோம்.

போன வாரம் காலனிக்குப் போய் ஆயாவிடம் கணக்குச் சொன்னேன். விழாவில் 90, பிறகு 130, சும்மா கொடுத்தது 60. ஒரு புத்தகத்தை ரெண்டு மூணு பேராவது படிப்பாங்க ஆயா என்றேன். அவர் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "மிச்சத்த எப்பிடி விக்கப் போற?"

அந்த மூத்த தோழருக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆமாம் தோழர், யாவாரம் பண்ணத்தான் கிளம்பிவிட்டோம். உங்கள் வீட்டில் எத்தனை கட்டுப் புத்தகம் தூங்குகிறது என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உட்கார்ந்து விலை போட்டு ஒரு பக்கம் தட்டச்சு செய்து ஏற்றிவிடலாம்.